பாதைப் படகில் ஒரு முறைப்பாடு

வாவியைக் கடந்து மண்டூருக்குப் போகும் பாதைப் படகில்தான் அந்த மருத்துவமாதைச் சந்தித்தேன். வெள்ளைச் சீருடையின் கரையில் வயல்சேறு காய்ந்திருந்தது. படகு நகர்ந்ததும் கைபேசியை எடுத்து, ஒற்றை விரலால் எழுதத் தொடங்கினார்.

வட்டைக்குள், வயல்களின் நடுவே இருக்கும் வீடுகளுக்கு இலக்கம் கிடையாது. தான் போய்ப் பார்க்கவேண்டிய பிள்ளைத்தாச்சிகளின் வீடுகளை வரைபடச் செயலியில் ‘புளியடி’, ‘உடைஞ்ச வள்ளம்’ என்று தானே பெயரிட்டுக் குறித்து வைத்திருந்தாராம். செயலியைப் புதுப்பித்ததும் அந்தப் பெயர்களும் போயின, பெயரிடும் வசதியும் போயிற்று. எந்தப் புத்திசாலி அதை எடுத்தானோ! அதனால் வாவியைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் கம்பனிக்கு முறைப்பாடு எழுதுகிறார், தமிழில்.

“அவங்களுக்குத் தமிழ் விளங்குமா, மிஸ்ஸி?”

“விளங்காட்டி ஆரிட்டயாவது கேக்கட்டும் மனே. வழி தெரியாட்டி நானும் கேட்டுக் கேட்டுத்தானே போறன்.”

போன கிழமை என் கைபேசியில் அந்தச் செயலி மறுபடி புதுப்பிக்கப்பட்டது. பெயரிடும் வசதி திரும்பி வந்திருந்தது. அவர் எழுதியதால்தானா, தெரியாது. வரைபடத்தில் வாவியின் நடுவே ஒரு புள்ளி வைத்து, ‘மிஸ்ஸி முறைப்பாடு எழுதின இடம்’ என்று பெயரிட்டேன்.