தின்னர் நெடியும் என் இடது மார்பும்

இடது மார்பில் இருப்பது புற்றுநோய்க் கட்டிதான் என்று தெரிந்த அதே வாரத்தில், அது ஏன் வந்தது என்பதை எங்கள் சொந்தக்காரர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். காட்டுப்பாக்கத்திலிருந்து வந்த என் நாத்தனார், சாத்துக்குடிப் பையைக் கீழே வைப்பதற்கு முன்பே ஆரம்பித்தாள்.

"புள்ளைக்குப் பால நிறுத்திட்டு வேலைக்கு ஓடுனியே அண்ணி, அப்பவே சொன்னேன்ல?"

ஓடினது உண்மைதான். என் கணவர் ஆட்டோ கவிழ்ந்து கால் முறிந்து படுத்திருந்தார். யாராவது ஓடித்தானே ஆக வேண்டும்? கரையான்சாவடியில் கம்பெனி வேனில் ஏறினால் அம்பத்தூர் எஸ்டேட்டில் இறங்குவேன். கார்களுக்கு பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் கம்பெனி. பெயின்ட் அடித்து வரும் பாகங்களில் வழிந்திருப்பதை, பெயின்டைக் கரைக்கும் தின்னரில் நனைத்த துணியால் துடைத்தெடுப்பது என் வேலை. கொடுத்த கையுறை தின்னர் பட்டதுமே உப்பிக் கிழிந்துவிடும். தூசி படியும் என்று ஜன்னல்களைத் திறக்க விடமாட்டார்கள். குளித்த பிறகும் தலைமுடியில் அந்த நெடி இருக்கும். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் நைட் ஷிப்ட். பகலில் ஜன்னலுக்குப் போர்வை கட்டித் தூங்கப் பார்ப்பேன். தெருவே கூடி என்னை எழுப்பும். இப்படியே பல வருஷம்.

அரசு மருத்துவமனையில் ஒரு டாக்டரம்மா நிதானமாக விசாரித்தார். வயசுக்கு வந்தது எப்போது, எத்தனை பிள்ளைகள், தாய்ப்பால் கொடுத்தேனா, அம்மா வழியில் யாருக்காவது இருந்ததா. எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு நான் கேட்டேன்.

"நான் இன்னா வேலை பண்றேன்னு கேக்கலையே டாக்டர்?"

அவர் கோபப்படவில்லை. சொல்லுங்கள் என்றார். சொன்னேன்.

"நைட் ஷிப்டுக்கும் சில கெமிக்கலுக்கும் இந்த நோயோட தொடர்பு இருக்கலாம்னு சொல்றாங்கம்மா. இன்னும் ஆராய்ச்சி நடந்துட்டுதான் இருக்கு. ஆனா உங்களுக்கு இதனாலதான் வந்துச்சுன்னு என்னால சொல்ல முடியாது."

"இல்லன்னு சொல்ல முடியுமா?"

"அதுவும் முடியாது."

எனக்கு அது போதுமாயிருந்தது. கட்டி வந்த பிறகு என் மேல் பழி போடாமல் பேசிய முதல் ஆள் அவர்தான்.

மார்பை எடுத்தார்கள். கீமோவில் முடி கொட்டியது. உடம்பு தேறியதும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். மேனேஜர் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். அந்த மரியாதையிலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"உடம்புதான் முக்கியம்மா. ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு வீட்ல ரெஸ்ட் எடுங்க."

"ரெஸ்ட் எடுத்துட்டுதான் சார் வந்துகீறேன். நைட் ஷிப்ட் வேணாம், தின்னர் வேணாம். பேக்கிங்ல போடுங்க."

"கம்பெனியாலதான் வந்துச்சுன்னு சர்ட்டிபிகேட் இருக்கா?"

"இல்ல சார். புள்ளைக்குப் பால் குடுக்காததாலதான் வந்துச்சுன்னும் சர்ட்டிபிகேட் இல்ல. ஆனா அத மட்டும் எல்லாரும் நம்புறாங்க."

யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். யோசிக்கட்டும் என்று கேன்டீனுக்குப் போனேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்களிடம் எனக்கு நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். மார்பு என்ற சொல்லைச் சத்தமாகவே சொன்னேன். பக்கத்து மேஜை ஆண்கள் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள்.

கை கழுவும் இடத்தில், எங்கள் செக்‌ஷனில் வேலை பார்க்கும் ஆவடிப் பெண் ஒருத்தி என் முந்தானையைப் பிடித்தாள். "அக்கா, எனக்கும் ஒண்ணு கீது. ஊட்ல சொல்லல."

மறுநாளே அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். அவளுக்கு வந்தது சாதாரணக் கட்டிதான், புற்றுநோய் இல்லை. ரிசல்ட் வாங்கின அன்று பஸ் ஸ்டாண்டில் என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். பிறகு பசிக்கிறது என்றாள். ரெண்டு பேரும் பரோட்டா சாப்பிட்டோம்.

அடுத்த திங்கட்கிழமை, பெயின்ட் செக்‌ஷன் பெண்கள் யாரும் துணியைக் கையில் எடுக்கவில்லை. மேனேஜரிடமிருந்து இன்னும் பதில் வராத நானும் சேர்ந்துகொள்ள, எல்லோரும் அவர் அறை வாசலில் நின்றோம். முன்னால் நின்றவள் அந்த ஆவடிப் பெண். "நல்ல கையுறை வேணும், காத்து போவ ஃபேன் வேணும். அப்பால துடைக்கிறோம்" என்றாள். மத்தியானம் வரை லைன் ஓடவில்லை.

அந்த மாதமே புகைபோக்கி ஃபேன்கள் வந்தன. தின்னருக்குக் கிழியாத கையுறையும் வந்தது. என்னைப் பகல் ஷிப்டில் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். உற்பத்தித் தரத்தை உயர்த்தத்தான் ஃபேன் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். ஒட்டிக்கொள்ளட்டும். மற்றவர்களின் நைட் ஷிப்டைக் குறைக்க மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அதற்காக ஒவ்வொரு மீட்டிங்கிலும் எழுந்து நிற்கிறேன். சூப்பர்வைசர் என்னை வம்புக்காரி என்கிறார்.

எடுத்த மார்பு இருந்த இடத்தில் உள்ளே வைத்துக்கொள்ள ஆஸ்பத்திரியில் பஞ்சு வைத்த பை ஒன்று கொடுத்திருந்தார்கள். பேக்கிங் ஷெட் சூட்டில் அது வேர்த்து அரித்தது. ஒருநாள் கழற்றிப் போட்டுவிட்டேன். இப்போது ஒரு பக்கம் தட்டையாகத்தான் யூனிபார்ம் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறேன். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.