டிராகனின் கடைசி இருபது பக்கங்கள்

செய்யாரில் ஒரு ஷூ கம்பெனியில் நான் வேலை பார்த்த நாட்களில், ஷிஃப்ட் முடிந்து ஆரணிக்குத் திரும்பும் கம்பெனி பஸ்ஸில் ஓர் அக்கா என் பக்கத்தில் உட்காருவார். பெயர் கேட்டதில்லை. நாள் முழுதும் நின்று வீங்கிய கால்களைச் செருப்பிலிருந்து எடுத்துவிட்டு, பழுப்பு அட்டை போட்ட தடித்த புத்தகம் ஒன்றைத் திறப்பார். அது ஒரு டிராகன் கதை.

"இது படமா வந்துச்சே, பாத்தீங்களாக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பாத்தேம்மா. பறக்குது, கத்துது, ஊரையே கொளுத்துது. புக்குல அதுக்கு வயசாயிடுச்சு, றெக்கையெல்லாம் வலி. கொல்ல வந்தவன்கிட்டயே, 'கொஞ்சம் உக்காரு, பேசிகினு இருக்கலாம்'னு கேக்குது. அதப் படத்துல தூக்கிட்டாங்க."

"ஏன்க்கா?"

"ரெண்டு பேரு உக்காந்து பேசிகினு இருந்தா யாரு பாப்பாங்க?"

"கடைசில அது செத்துடுமா?"

"படத்துல செத்துடுச்சு. புக்குல தெரியாது. கடைசி இருபது பக்கத்த நான் படிக்கறதில்ல. அங்க வந்ததும் திரும்ப மொதல்லேர்ந்து ஆரம்பிச்சிடுவேன்." சொல்லிவிட்டுக் கண்களைத் தேய்த்துக்கொண்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. நூலகத்தில் அந்தப் புத்தகத்தை எடுத்துவந்து, ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து முடித்தேன். மறுநாள் பஸ்ஸில் அவரிடம் சொன்னேன்.

"முழுசா படிச்சிட்டேன்க்கா."

அவர் புத்தகத்தை மூடிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் இரண்டு நிறுத்தம் தாண்டியது. கேட்கப்போகிறார் என்றே நினைத்தேன்.

"சொல்லிடாதம்மா. நாளைக்கும் ஷிஃப்ட் இருக்குது" என்றார்.

முடிவு அப்படியொன்றும் மோசமில்லை. அதையாவது சொல்லியிருக்கலாமோ என்று இப்போதும் தோன்றுகிறது.