பரண்மேல் காய்ந்த பீச் பழம்

இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பழனியிலிருந்து என் பெரிய நாத்தனார் மன்னவனூரில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். வருகிற வழியில் கொடைக்கானல் கடையில் உலர்ந்த பீச் பழம் ஒரு பாக்கெட் வாங்கியிருந்தார். மலச்சிக்கலுக்கு நல்லது, இரும்புச்சத்தும் உண்டு என்று டாக்டர் சொன்னாராம்.

"நம்ம வீட்டுலயே இருக்குங்களே, மதினி" என்று என் டப்பாவைத் திறந்து நீட்டினேன். எங்கள் தோட்டத்துப் பழம். மத்தியானமானால் மேகம் இறங்கிவிடுகிற ஊரில் வெயிலை நம்ப முடியுமா? பூண்டுக்குப் புகை காட்டுகிற அடுப்புப் பரணிலேயே கீற்றுக் கீற்றாக நறுக்கிக் காயவைத்திருந்தேன்.

அவர் எட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "என்னடி, அழுகினதக் காயவச்சிருக்க? கறுத்துல்ல கெடக்கு! கடைப் பழம் எப்படி மின்னுது பாரு."

மின்னாதா பின்னே? கந்தகப் புகை காட்டினால்தான் அந்த நிறம் நிற்கும். போதாததற்குச் சீனி வேறு. என் பழம் கண்டதெல்லாம் விறகுப் புகைதான். டப்பாவை மூடி வைத்தேன்.

மறுநாள் என் பழத்தை வெந்நீரில் ஊறவைத்து, மிளகாய் கிள்ளித் தாளித்து, கொஞ்சம் வெல்லம் தட்டிப்போட்டுப் பச்சடி வைத்தேன். நாத்தனார் மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

"பாத்தியா, கடைப் பழத்தோட ருசிய!" என்றார்.

நான் எழுந்துபோய், அவர் பையில் பிரிக்காமலே கிடந்த பாக்கெட்டை எடுத்துவந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"அப்ப அந்த அழுகலையா எனக்குப் போட்ட?" என்று சீறிக்கொண்டே, கிண்ணத்தில் ஒட்டியிருந்ததையும் விரலால் வழித்து வாயில் போட்டுக்கொண்டார்.