கண்ணாடி அலமாரி முன் அத்தை

அந்தப் பங்களாவில் அன்று எட்டு அறைகள் திறந்திருந்தன. கண்ணாடிப் பொருள்கள் மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு. அவற்றில் உடைந்து ஒட்டவைத்தவை இரண்டு. இன்றைக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். சொல்லி என்ன ஆகப்போகிறது என்பது வேறு விஷயம்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. நயா பைசா புழக்கத்துக்கு வந்த புதிது. பழனி அடிவாரத்தில் அப்பா விபூதியும் பூஜைச் சாமான்களும் விற்கும் கடை வைத்திருந்தார். வீட்டில் நாங்கள் நான்கு பேர்: அப்பா, அம்மா, நான், அப்பாவின் கடைசித் தங்கையான அத்தை. அத்தைக்கு இருபத்து மூன்று வயது ஆகிவிட்டது. அந்தக் காலத்துக்கு அது அதிகம்.

எங்கள் பக்கத்தில் பெண் பார்ப்பதை எடுத்த எடுப்பில் வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். இரண்டு குடும்பங்களும் தற்செயலாகக் கோயிலுக்கு வந்ததுபோல வரும், பிரகாரத்தில் தற்செயலாகச் சந்தித்துக்கொள்ளும். ஒத்துவராவிட்டால் சாமி கும்பிட வந்தோம் என்று சொல்லிக்கொண்டு அவரவர் வழியில் போய்விடலாம். அத்தையை இப்படி ஐந்து பேர் மலைக்கோயிலில் பார்த்திருந்தார்கள். ஐந்தாவது தடவை நாங்கள் படியிறங்கி வரும்போது தேங்காய்க்கடைக்காரர் அப்பாவைப் பார்த்து, "என்னங்க, இந்தத் தடவையாச்சும் முருகன் கண்ணத் தொறந்தாரா?" என்று கேட்டார். அதோடு பழனியில் பார்ப்பதை அப்பா நிறுத்திக்கொண்டார்.

ஆறாவது வரனைக் கொண்டுவந்தது கொடைக்கானல் நாயுடுபுரத்தில் குடியிருந்த மாமா, அம்மாவின் அண்ணன். மாப்பிள்ளை அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். சீசனை முன்னிட்டு, எப்போதோ ஒரு வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி கட்டிய பங்களாவைத் திறந்து அதில் கண்ணாடிக் கலைப்பொருள் காட்சி வைத்திருந்தார்கள். "ஊரே அங்கதான் கெடக்கு மச்சான். அங்க வச்சுப் பாத்துக்கிருவோம். ஒரு பய கேக்க மாட்டான்" என்றார் மாமா.

அப்பாவுக்கு வேறொரு கவலை இருந்தது. மூத்த அத்தையை அவள் மனதைக் கேட்காமல் ஓர் இடத்தில் கொடுத்து, மூன்றாம் வருஷமே பறிகொடுத்திருந்தார். இவளை விருப்பமில்லாத இடத்தில் தள்ளுவதில்லை என்று அன்றைக்கே தீர்மானம் செய்துவிட்டார். ஆனால் விருப்பத்தை எப்படித் தெரிந்துகொள்வது? யாரைப் பற்றிக் கேட்டாலும் அத்தை, "அண்ணன் சொன்னாச் சரிதான்" என்பாள். ஐந்து பேருக்கும் அதே பதில். ஆகவே அப்பா தானாக ஓர் அளவுகோல் வைத்திருந்தார். பிடித்திருந்தால் ஒரு தடவையாவது நிமிர்ந்து பார்த்திருப்பாள். பார்க்கவில்லையென்றால் வேண்டாம். ஐந்தில் இரண்டை அவர்கள் வேண்டாம் என்றார்கள். மூன்றை இந்தக் காரணத்தால் அப்பா வேண்டாம் என்றார்.

முன்பெல்லாம் கவனித்துச் சொன்னது அம்மா. இந்தத் தடவை மாப்பிள்ளையின் அம்மாவோடு பேசிக்கொண்டிருக்கும் சோலி அம்மாவுக்கு. அதனால் பொறுப்பு என்னிடம் வந்தது. மலைக்கோயில் படிகளை நான் எண்ணுவதும், கடையில் அடுக்கிய விபூதிப் பொட்டலங்களை எண்ணுவதும் அப்பாவுக்குப் பெருமை. "நீ அத்தைய விட்டு நகரக் கூடாது. அவ மாப்பிள்ளைய எத்தனை தடவ பாக்குறான்னு எண்ணி எங்கிட்ட மட்டும் சொல்லு" என்றார். இவ்வளவு பெரிய வேலையை அதற்கு முன் யாரும் எனக்குக் கொடுத்ததில்லை.

திண்டுக்கல், வத்தலக்குண்டு என்று சுற்றி, முதல் நாளே மாமா வீட்டில் போய் இறங்கினோம். மறுநாள் வெள்ளனே பங்களா. வாசலுக்குப் போனதும் நாங்கள் நால்வரும் செருப்பைக் கழற்றி வரிசையாக வைத்தோம். அம்மா படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். காவல்காரர் சிரித்துவிட்டார். "செருப்பு போட்டுக்கிட்டே போலாங்க. இது கோயில் இல்ல, மியூசியம்" என்றார். "பரவால்லைங்க" என்று அப்பா உள்ளே நுழைந்தார். சில்லென்ற பலகைத் தரை என் பாதத்தில் ஏறியது. சுவரில் அம்புக்குறி போட்டு வலப்பக்கமாகப் போகச் சொல்லியிருந்தார்கள். அப்பா அதைப் பார்த்துவிட்டு இடப்பக்கம் திரும்பினார். கோயிலில் இடப்பக்கம் தொடங்கி வலம்வந்தே பழகிய கால்கள். எதிரே வந்தவர்கள் எல்லாம் எங்கள்மேல் இடித்துக்கொண்டு போனார்கள். அம்புக்குறியை மதித்து வந்த மாப்பிள்ளை வீட்டாரை நாங்கள் பாதி வழியில், ஐந்தாவது அறையில்தான் சந்தித்தோம். சந்திப்பு அந்த ஓர் அறையோடு முடிந்தது.

அந்த அறையில் ஆள் உயரத்துக்கு ஒரு கண்ணாடி அலமாரி. உள்ளே பின்பக்கத்திலும் தட்டுகளிலும் கறுப்பு வெல்வெட் விரித்து, அதன்மேல் சின்னச் சின்னக் கண்ணாடிப் பிராணிகளை வைத்திருந்தார்கள். மான், அன்னம், மீன், வால் உடைந்த ஒரு குதிரை. அலமாரிக்கு நேர் எதிரே பெரிய ஜன்னல். ஜன்னலை ஒட்டி மாப்பிள்ளை நின்றார். ஒல்லியான ஆள், கழுத்தில் சாம்பல் நிற மஃப்ளர், வலது புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு. அவர்களைக் கூட்டிவந்த மாமா பக்கத்தில் நின்றுகொண்டு, கூரையில் தொங்கிய சரவிளக்கைக் காட்டி ஏதேதோ சொன்னார். மாப்பிள்ளை விளக்கைப் பார்த்ததாகத் தெரியவில்லை.

அத்தை அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அலமாரி முன் போய் நின்றாள். நின்றாள் என்றால் நின்றாள்தான். பிராணிகள் மொத்தம் இருபத்து மூன்று. நான் இரண்டு முறை எண்ணி முடித்தும் அவள் நகரவில்லை. பிறகு மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தேன். இருநூற்று நாற்பது வரை எண்ணினேன். அதுவரை அவள் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. வைத்த கண் அலமாரியிலேயே இருந்தது. வெளியில் வரும்போது அவள் முகம் சிவந்திருந்தது. குளிர் என்று நினைத்தேன்.

ஏரிக்கரையில் நானும் அவளும் பின்தங்கி நடந்தோம். "ஏலே, அவருக்கு இடது புருவத்துல ஒரு தழும்பு இருக்குல்ல. சின்னதுல விழுந்திருப்பாரோ?" என்றாள்.

"இடது இல்லத்த. வலது."

"இடதுதான்."

"நான் நேருக்கு நேராப் பாத்தேன். வலது."

அவள் சற்று யோசித்தாள். பிறகு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். "சரி. உனக்கு வலது. எனக்கு இடதா இருந்துட்டுப் போகட்டும்" என்றாள். தோற்றவர்கள் இப்படித்தான் சொல்வார்கள் என்று நான் விட்டுவிட்டேன்.

சாயங்காலம் மாமா மூச்சு வாங்க வந்தார். "மச்சான், அவங்களுக்குப் புடிச்சுப்போச்சு. பையனோட அம்மா பூ வைக்க நாள் கேக்குறாங்க." அப்பா என்னைக் கொல்லைப்புறத்துக்குக் கூட்டிப்போனார்.

"எத்தனை தடவ பாத்தா?"

"ஒரு தடவகூட இல்லப்பா. அலமாரிய விட்டுக் கண்ண எடுக்கல. இருநூத்தி நாப்பது வரைக்கும் எண்ணினேன்."

"சரியாப் பாத்தியா?"

"அவர் மூஞ்சியே அத்தைக்குச் சரியாத் தெரியாதுப்பா. தப்பாச் சொல்றாங்க."

என்ன தப்பாகச் சொன்னாள் என்று அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இந்த வயதில் அவர்மேல் குறை சொல்லித் தப்பித்துக்கொள்ளப் பார்க்கிறேன் என்றும் தோன்றுகிறது.

மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பொண்ணு கண்ணு எங்க போச்சுன்னு இந்தப் பொடியன்கிட்டயா வெசாரிப்பீங்க?"

"அவன் எண்ணுனாத் தப்பாது மச்சான். ஒரு தங்கச்சிய வாரிக் குடுத்தது போதும். வேணாம்னு சொல்லிருங்க" என்றார் அப்பா.

அடுக்களையில் அத்தை பீன்ஸ் அரிந்துகொண்டிருந்தாள். அரிவாள்மனைச் சத்தம் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு கேட்டது. அம்மா போய், "உனக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டதற்கு, "அண்ணன் சொன்னாச் சரிதான்" என்றாள். ஆறாவது பதில்.

இரண்டு வருஷம் கழித்து, ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருந்த, மனைவியை இழந்த ஒருவருக்கு அத்தையைக் கொடுத்தார்கள். அவருக்கு இரண்டு குழந்தைகள். அப்பா களைத்துப்போயிருந்தார், அத்தை நிமிர்ந்து பார்த்தாளா என்று அந்தத் தடவை யாரும் யாரையும் கேட்கவில்லை. அவள் அங்கே முப்பத்தொரு வருஷம் வாழ்ந்தாள். குறை என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை.

எனக்கு விளங்கியது கல்லூரி விடுதியில், இருபதாவது வயதில். குளியலறைக் கண்ணாடி முன் நான் சவரம் செய்துகொண்டிருந்தேன். எனக்குப் பின்னால், தாடையில் பிளாஸ்திரி ஒட்டிய ஒருவன் வந்து நின்றான். கண்ணாடியில் பார்த்தபடி, "இடது பக்கம் என்னடா காயம்?" என்றேன். "வலது பக்கம்டா" என்றான். திரும்பிப் பார்த்தேன். வலதுதான். கத்தி கையில் இருக்க அப்படியே நின்றேன். கறுப்பு வெல்வெட்டுக்கு முன்னால் இருந்த கண்ணாடி, எதிரே ஜன்னல் வெளிச்சம், அந்தக் கண்ணாடியில் தெரிந்த மாப்பிள்ளை. அத்தை பார்த்தது மானையும் அன்னத்தையும் அல்ல. அந்த இருநூற்று நாற்பதும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் குறை சொல்ல முடியாதபடி, திரும்பாமலே பார்க்க ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறாள். நான் அதைப் பூஜ்யம் என்று எண்ணிக் கொடுத்துவிட்டேன்.

அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று மூன்று முறை ஒட்டன்சத்திரம் போனேன். மூன்று முறையும் இலை போட்டுச் சோறு பரிமாறினாள். சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். நான்காவது முறை போனது அவள் காரியத்துக்கு.

கொடைக்கானலிலிருந்து இறங்கிய அன்று பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் நான். அப்பாவும் அம்மாவும் முன் சீட்டில். பெருமாள்மலை தாண்டியதும் அவள் குனிந்து என் காதருகில், "அண்ணன்கிட்ட என்ன சொன்ன?" என்று கேட்டாள். சொன்னேன், எண்ணிக்கையோடு.

"நான் ஒரு தடவகூடத் திரும்பலையா?"

"இல்லத்த. நல்லாப் பாத்தேன்."

அவள் என் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுவிட்டு, "சரியாத்தான் எண்ணியிருக்க" என்றாள்.

எனக்குப் பெருமையாக இருந்தது. அப்பாவுக்கும் கேட்டிருக்குமா என்று எட்டிப் பார்த்தேன். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். நான் அத்தையின் மடியில் சாய்ந்துகொண்டு, மலை இறங்கும் வரை மிச்சமிருந்த வளைவுகளை எண்ண ஆரம்பித்தேன்.