நன்றிப் பட்டியலில் கலைவாணி

போன ஞாயிற்றுக்கிழமை காலை. இட்லியில் கை வைத்திருக்கிறேன்... போன்.

"சார், கலைவாணி பேசுறேன். உடனே திருவொத்தியூர் வர முடியுமா? நைனா என் லேப்டாப்பை எடுத்துகினு கடலாண்ட போயிட்டாரு. தூக்கிப் போட்டுடுவேன்றாரு. எல்லாம் நீங்க சொன்ன நன்றியாலதான்!"

நன்றியாலா?

நான் ஓய்வு நேரத்தில் ஒரு புரோகிராம் எழுதுகிறேன். கம்ப்யூட்டரில் தனியாக உட்கார்ந்து ஆடுவோமே, அந்தச் சீட்டு விளையாட்டுக்கானது. கலைத்துப் போட்ட சீட்டுகளைக் கொடுத்தால், ஆட்டத்தை முடிக்க வழி சொல்லும். ஓப்பன் சோர்ஸ். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுக்கலாம், திருத்தியும் அனுப்பலாம்.

அப்படித் திருத்தி அனுப்பியவர்களில் ஒருவர் கலைவாணி. மீனவர் வீட்டுப் பெண். எம்.சி.ஏ. முடித்துவிட்டு வேலை தேடுகிறார். மெயிலில் மட்டும்தான் பழக்கம்; என் போன் நம்பர் அதன் அடியில் இருக்கும். புதிய பதிப்பு வெளியானபோது, உதவியவர்களின் பட்டியலில் அவர் பெயரையும் ஊரையும் போட்டேன் – பெருமையாக!

கொருக்குப்பேட்டையில் ட்ரெயின் பிடித்தேன். திருவொற்றியூர் ஸ்டேஷன் வாசலில் காத்திருந்த கலைவாணி, வேகமாக நடந்துகொண்டே சொன்னார். அவருடைய சித்தப்பா சீட்டாடிக் குடும்பப் படகைத் தோற்றவர். ஒரு நாள் வீட்டை விட்டுப் போனார்; இதுவரை வரவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில் 'சீட்டு' என்ற சொல்லே கிடையாது. யாரோ சொந்தக்காரர் போனில் இவர் பெயரைத் தேடியிருக்கிறார். வந்து விழுந்தது எது? என் பட்டியல்! அதை நேரே அப்பாவிடம் காட்டிவிட்டார்.

கரையோரக் கருங்கற்கள் மேல் உட்கார்ந்திருந்தார் அப்பா. மடியில் லேப்டாப்.

"நீதானா அது? எம் பொண்ணு பேர சீட்டாட்டத்துல போட்டவன்?"

"ஐயா, இது சூதாட்டம் இல்ல. இது ஒரு அல்காரிதம்..."

"இன்னா ரிதம்? சீட்டு கீதா, இல்லியா?"

"இருக்கு."

"அப்ப அவ பேர அழி."

என் பக்கத்தில் அழிக்கலாம். ஆனால் எத்தனையோ பேர் ஏற்கெனவே நகல் எடுத்திருப்பார்களே? அதைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

எழுந்துவிட்டார். லேப்டாப் தலைக்கு மேலே போனது. கீழே அலை பாறையில் மோதிக்கொண்டிருந்தது.

"போடு நைனா." கலைவாணி ஒரு கல் மேலே ஏறினார். "ஆனா நான் இன்னா எழுதுனேன்னு கேட்டுட்டுப் போடு."

கை அப்படியே நின்றது.

"சில ஆட்டம் எப்பிடி ஆடுனாலும் ஜெயிக்க முடியாது நைனா. ஆடுறவனுக்கு அது தெரியாது. இன்னொரு தபா, இன்னொரு தபான்னு குந்திகினே இருப்பான். இவரு புரோகிராமும் அப்பிடித்தான், வழி தேடிகினே இருந்துச்சு. 'இது ஆவாது, எழுந்து போ'ன்னு சீக்கிரமா சொல்ற மாதிரி நான் மாத்துனேன். அவ்ளோதான். சித்தப்பாவுக்கு அத யாருமே சொல்லல..."

கை மெதுவாக இறங்கியது. மறுபடி கல்லில் உட்கார்ந்தார். கடலையே பார்த்தார்.

"நான் சொன்னேம்மா... அவன் கேக்கல."

கலைவாணி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். பிறகு லேப்டாப்பை மகளிடம் கொடுத்தவர், என் பக்கம் திரும்பினார்.

"பேரு போடுறதுக்கு முன்ன அவள ஒரு வார்த்தை கேட்டியா நீ?"

கேட்கவில்லை. பாராட்டுதானே, யார் வேண்டாம் என்பார்கள்? அப்படித்தான் நினைத்திருந்தேன்.

"இப்பக் கேக்குறேன்மா. இருக்கட்டுமா, எடுத்துடட்டுமா?"

கலைவாணி அப்பாவைப் பார்த்தார். அப்பாவும் மகளையே பார்த்தார்; வேண்டாம் என்று தலையாட்டவில்லை.

"இருக்கட்டும் சார்."

நமக்கு நன்றி சொல்லத் தெரிகிறது. அது யார் வீட்டில் எங்கே போய் இடிக்கும் என்று யோசிக்கத்தான் தெரிவதில்லை. இந்த வாரம் பட்டியலில் இருக்கும் மற்ற எல்லோருக்கும் எழுதிக் கேட்டேன் – உங்கள் பெயர் இருக்கலாமா?

இரண்டு பேர் எடுத்துவிடச் சொன்னார்கள். காரணம் கேட்கவில்லை.