புழுவுக்குக் காட்டிய இரக்கம்

புத்தூரில் ஏரம்புவின் மகன் பஞ்சலிங்கத்தைப் போல மருந்தடிக்கத் தெரிந்தவன் அந்தக் காலத்தில் வேறு ஆளில்லை. யாருடைய தோட்டத்தில் மிளகாய் இலை சுருண்டாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். சாரத்தை மடித்துக் கட்டி, முதுகில் மருந்து மெசினைக் கொழுவிக்கொண்டு வரம்பால் நடந்தானென்றால் ஒரு இலையின் அடிப்பக்கம்கூடத் தப்பாது. மருந்து கலக்கத் தடி தேட மாட்டான். வாளிக்குள் முழங்கை மட்டும் கையை விட்டுச் சுழற்றுவான்.

"தடிக்கு என்ன தெரியும்? கட்டி கரைஞ்சுதோ இல்லையோ எண்டு கைக்குத்தான் தெரியும்" என்பான்.

அந்தக் கையைக் கிணற்றடியில் ஒருதரம் அலம்பிவிட்டு அப்படியே சோற்றில் வைப்பான். அவனை மட்டும் குறை சொல்லி என்ன, ஊரே அப்படித்தான் இருந்தது. பூச்சிக்கு அடிக்கிறது மனிசனுக்கு என்ன செய்துவிடப் போகிறது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

எண்பத்துமூன்றாம் ஆண்டு தை மாதம் செல்வநாயகியைக் கட்டி, பெண் வீட்டோடு போய் இருந்தான். தாய் தகப்பன் இல்லாத வீடு அது. செல்வநாயகியும் அவளுடைய தங்கச்சி பத்மாவதியும்தான். செல்வநாயகி நல்ல வேலைகாரி, வாய்க்காரியும்கூட. அவன் அவளோடு சந்தோசமாகத்தான் இருந்தான், அதில் ஒரு பொய்யும் இல்லை.

அடுத்த வருசம் அவளுக்கு வயிற்றில் தங்கியது. ஐந்தாம் மாதம் அழிந்துபோனது. பஞ்சலிங்கத்தின் தாய் நல்லம்மா அடுத்த ஒழுங்கையில் உள்ள வீட்டிலிருந்து வந்து முற்றத்தில் நின்றபடியே தொடங்கினாள்.

"பிள்ளைத்தாச்சி வீட்டு ஆம்பிளை ஒரு உயிரையும் கொல்லக்கூடாது எண்டு உனக்குத் தெரியாதோ, மோனை? பாம்பு அடிக்கிறவனுக்கு ஒரு பாவம். நீ ஒரு நாளைக்கு எத்தினை ஆயிரம் புழுவைக் கொல்லுறாய்!"

வழக்கம் உள்ளதுதான். மனைவி வயிற்றோடு இருக்கிற மாதங்களில் புருசன் ஆடு வெட்ட மாட்டான், பாம்பைக் கண்டாலும் கும்பிட்டு விலகிவிடுவான். ஆனால் அதுவரை ஒருவரும் புழுவைக் கணக்கில் சேர்த்ததில்லை. நல்லம்மா சேர்த்தாள். அந்தச் சொல் மகனின் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

எண்பத்தைந்தில் செல்வநாயகி மறுபடி முழுகாமல் இருந்தபோது, தெரிந்த அன்றைக்கே மெசினைக் கழற்றிக் கொட்டிலுக்குள் வைத்துவிட்டான். கையில் நுளம்பு இருந்து இரத்தம் குடித்தால்கூட ஊதித்தான் கலைப்பான். பக்கத்துத் தோட்டக்கார நமசிவாயத்துக்கு அது பெரிய பகிடி.

"என்ன பஞ்சண்ணை, நுளம்புக்கும் பந்தி வைக்கிறியளாம். எங்களுக்கு எப்ப சாப்பாடு?"

"நீ சிரி. எனக்குப் பிள்ளை வேணும்."

பஞ்சலிங்கம் சிரிக்கவில்லை.

அந்தப் போகம் அவர்களுடைய மிளகாயில் புழு விழுந்தது. ஊரில் எல்லாத் தோட்டத்திலும் விழுந்தது. கூலிக்குக் கூட ஆள் கிடைக்கவில்லை, அவனவன் தன் தோட்டத்தோடு நின்றான். செல்வநாயகிதான் வழி சொன்னாள்.

"இஞ்சாருங்கோ, விலக்கு உங்களுக்குத்தானே? கொல்லக்கூடாது எண்டு எனக்கு ஒருதரும் சொல்லேல்லை. நான் அடிக்கிறன்."

"உனக்குப் பாரம் தூக்கக்கூடாது."

"அரை மெசின் தண்ணி விடுங்கோ. உங்கடை புழு சாகோணும், உங்கடை கையாலை சாகக்கூடாது. அவ்வளவுதானே?"

அவன் கொஞ்சம் யோசித்தான். பிறகு சம்மதித்தான். வெறுமனே சம்மதித்தவனில்லை, வரம்பில் நின்று தொழிலும் பழக்கினான். "அடியிலை நிக்குது, நல்லாக் கையை விட்டுக் கலக்கு" என்று சொன்னவன் அவன்தான். மெசின் மூடி சரியாக இறுகாது. நடக்க நடக்க மருந்து ஒழுகி அவள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பான். அவள் நனைவதைப் பார்க்க மாட்டாமல் அல்ல. புழு விழுந்து சாவதைக் கண்ணால் காணக்கூடாது என்று. இரண்டு மாதத்தில் ஏழு தரம் அடித்தாள்.

எண்பத்தாறு பங்குனியில் பெண்பிள்ளை பிறந்தது. கௌசலா என்று பெயர் வைத்தார்கள். சாமி சிலைக்கு இருக்கிற முகம். இடது கை மட்டும் மணிக்கட்டோடு நின்றுவிட்டது. விரல் இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து சின்ன மொட்டுத்தான் இருந்தன.

நல்லம்மா பிள்ளையைப் பார்த்தாள், பிறகு மருமகளைப் பார்த்தாள்.

"எங்கடை பக்கத்திலை உப்பிடி ஒரு பிள்ளை இல்லை."

அந்த ஒரு வசனம் போதும். அது ஒழுங்கைக்கு ஒழுங்கை நடக்க, செல்வநாயகியின் வழியில் குற்றம் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. செல்வநாயகியும் நம்பினாள். தன் தாயின் சின்னம்மா ஒருத்தி ஊமை என்பதைத் தேடிப் பிடித்து ஞாபகத்துக்குக் கொண்டுவந்தாள். "இன்னொண்டைப் பெத்து அதையும் நான் வருத்தமாட்டன்" என்று சொல்லித் தன் பாயைத் தங்கச்சியின் அறைக்குள் போட்டுக்கொண்டாள்.

எண்பத்தெட்டில் பிள்ளையை யாழ்ப்பாணம் டவுனில் ஒரு டொக்டரிடம் காட்டப் போனார்கள். பிள்ளை வீரிட்டு அழ, செல்வநாயகி பஸ் காட்டுவதற்கு அவளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்குப் போனாள். உள்ளே பஞ்சலிங்கம் மட்டும் இருந்தான்.

"என்ன தொழில் செய்யிறீர்?" என்று டொக்டர் கேட்டார்.

"தோட்டம், ஐயா. ஊருக்கெல்லாம் மருந்தும் அடிக்கிறனான். பத்து வருசத்துக்கு மேலை."

"மனுசி பிள்ளைத்தாச்சியாய் இருக்கேக்குள்ளை மருந்துப் பக்கம் போனவவோ?"

அவன் நிலத்தைப் பார்த்தான். டொக்டருக்கு அது போதுமாயிருந்தது.

"உதாலைதான் இப்பிடி வந்தது எண்டு என்னாலை சத்தியம் பண்ண ஏலாது. ஆனால் அவவின்ரை பரம்பரையிலை பழியைப் போடவும் ஒரு நியாயமும் இல்லை. இந்த நஞ்சு தாயின்ரை ரத்தத்தாலை பிள்ளைக்குப் போகலாம். தேப்பன்ரை விந்தணுவையும் பழுதாக்கலாம் எண்டு இப்ப சந்தேகப்படினம். ரெண்டு பேரும் மருந்தை விடுங்கோ. அடுத்த பிள்ளை நல்லாய்ப் பிறக்கலாம், பயப்பட வேண்டாம். போய் அவவுக்கு விளங்கப்படுத்தும்."

வெளியே வந்ததும் செல்வநாயகி கேட்டாள்.

"டொக்டர் என்ன சொன்னவர்?"

"கையைச் சரிப்படுத்த ஏலாதாம்."

மீதியைப் பஸ்ஸில் சொல்லுவோம் என்று இருந்தான். பஸ்ஸுக்குள் தெரிந்த முகங்கள். நீர்வேலி தாண்டட்டும் என்று பார்த்தான். நீர்வேலியில் ஆமிச் சென்றி, எல்லாரையும் இறக்கிச் சோதித்து ஏற்றினார்கள். பிறகு புத்தூர் வந்துவிட்டது. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தான். சொன்னால் மெசினை அவள் முதுகில் ஏற்றியதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தாய்க்கு முன்னால், ஊருக்கு முன்னால், முதலில் அவளுக்கு முன்னால். நாளைக்கு என்றது மூன்று வருசமாயிற்று. கெட்டவன் இல்லை அவன். அதற்குப் பிறகு மெசினைத் தொடவில்லை, அவளைத் தொடவிடவும் இல்லை. கேட்டவர்களிடம் நெஞ்சுக்குத்து என்றான். ஆனால் சொல்லவில்லை. அதை நான் நல்லது என்று சொல்ல மாட்டேன்.

தொண்ணூற்றொன்றில் பத்மாவதிக்குக் கரவெட்டியிலிருந்து சம்பந்தம் பேசி வந்தார்கள். மாப்பிள்ளைக்குக் கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை. மாப்பிள்ளையின் தாய்மாமன் கனகலிங்கம், சண்டை நேரத்திலும் சைக்கிளில் அவ்வளவு தூரம் வந்த மனிசன், பத்மாவதியைப் பிடித்துப்போய் வெற்றிலைத் தட்டோடு நெருங்கி இருந்தார். அந்த நேரம் ஐந்து வயதுக் கௌசலா தேத்தண்ணிக் கோப்பையொன்றை வலக்கையில் பிடித்து, அடியை மற்றக் கையின் மணிக்கட்டில் தாங்கி, சிந்தாமல் கொண்டுவந்து அவருக்கு முன்னால் வைத்தாள்.

"கெட்டிக்காரி" என்றார் கனகலிங்கம். பிறகு குரலைத் தணித்தார். "கை பிறப்பிலையோ, தம்பி?"

"ஓம்."

"குறையாய் நினையாதேங்கோ. ஆற்றை வழியிலை உள்ளது? தாய் வழியோ, தேப்பன் வழியோ?"

"எங்கடை வழியிலை இல்லை" என்று மூலையிலிருந்து நல்லம்மா முந்தினாள்.

கனகலிங்கம் அவளைப் பார்க்கவில்லை. பஞ்சலிங்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உண்மையாகவே ஒரு பதிலுக்குத்தான் காத்திருந்தார். கதவுக்குப் பின்னால் செல்வநாயகி நிற்பதும், அவளுக்குப் பின்னால் பத்மாவதி நிற்பதும் பஞ்சலிங்கத்துக்குத் தெரியும். டொக்டர் சொன்னதெல்லாம் ஒரு சொல்லும் குறையாமல் வாய்க்கு வந்தது.

"தேத்தண்ணியைக் குடியுங்கோ, ஆறுது" என்றான்.

கனகலிங்கம் மரியாதைக்கு இரண்டு வாய் குடித்துவிட்டு எழும்பினார். பிறகு அந்தப் பக்கத்திலிருந்து தகவல் வரவில்லை. வேறு பக்கத்திலிருந்தும் வரவில்லை. பத்மாவதி அத்தானோடு கோபிக்கவும் இல்லை. கோபிக்கக் காரணம் இருக்கிறதென்று அவளுக்குத் தெரியாதே.

தொண்ணூற்றைந்து மாசி. சண்டை நிறுத்தம், அந்த மாதம் வெடிச்சத்தம் இல்லை. பின்னேரம் செல்வநாயகி முற்றத்தில் இருந்து கௌசலாவுக்குச் சீப்பால் தலை இழுத்துக்கொண்டிருந்தாள். பஞ்சலிங்கம் சற்றுத் தள்ளி வெங்காயப் பிடி கட்டினான். பிள்ளைக்கு ஒன்பது வயதாக ஒரு மாதம்தான் இருந்தது. அன்று காலை கோயிலில் ஒரு கலியாணம் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

"அம்மா, நான் கட்டேக்குள்ளை எனக்குச் சிவப்புக் கூறைதான் வேணும்."

"உனக்குக் கலியாணம் வேண்டாம், பிள்ளை" என்றாள் செல்வநாயகி. கோபமாக அல்ல, தண்ணி அள்ளி வா என்று சொல்வது போல. "எங்கடை ரத்தம் சரியில்லை. உன்னோடை முடியட்டும்."

பஞ்சலிங்கம் வெங்காயப் பிடியைக் கீழே வைத்துவிட்டு மனைவியின் பக்கம் திரும்பினான்.

"உன்ரை ரத்தத்திலை ஒரு குறையுமில்லை" என்றான். "டொக்டர் சொன்னவர். மருந்தாலை வந்திருக்கலாமாம். என்ரை உடம்பாலை வந்திருக்கலாம். நான் உன்னை மருந்தடிக்க விட்டதாலை வந்திருக்கலாம். உன்னிலை பழி போட நியாயமில்லையாம். மருந்தை விட்டால் அடுத்த பிள்ளை நல்லாய்ப் பிறக்கலாமாம்."

குசினி வாசலுக்குப் பத்மாவதி வந்து நின்றாள். கௌசலாதான் முதலில் வாய் திறந்தாள்.

"அப்ப எங்கடை ரத்தம் நல்லதோ, அப்பா?"

"நல்லது, பிள்ளை."

செல்வநாயகியின் கை மகளின் கூந்தலுக்குள் நின்றுவிட்டது.

"டொக்டர் எப்ப சொன்னவர்?"

"டவுனுக்குப் போனமே, அண்டைக்கு. எண்பத்தெட்டிலை."

"கனகலிங்கம் மாமா வந்து இந்த வீட்டிலை இருந்த அண்டைக்கும் உங்களுக்குத் தெரியும்" என்றாள் பத்மாவதி. கேள்வியாகக் கேட்கவில்லை. அவன் தலையாட்டியதைக் கண்டதும் உள்ளே போய்விட்டாள்.

செல்வநாயகி அழவும் இல்லை, ஏசவும் இல்லை. ஏசியிருந்தால் அவனுக்குச் சுகமாயிருந்திருக்கும். சீப்பை மடியில் வைத்தாள். கூந்தலை மூன்றாகப் பிரித்தாள். பின்னத் தொடங்கினாள்.

"எண்பத்தெட்டிலை எனக்கு இருபத்தொன்பது வயது" என்றாள்.