நியூட்ரலில் நகர்ந்த வண்டி

நான் வாழ்க்கையில் அதிகம் பயந்தது ஒரு பச்சை நிறக் காருக்குத்தான். பாம்பு, இடி, எங்கள் தலைமையாசிரியை எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து எனக்கு இடது கால் சூம்பிப்போனது. படித்து முடித்ததும் வாடிப்பட்டியில் பெண்கள் பள்ளி ஒன்றில் அறிவியல் டீச்சர் வேலை கிடைத்தது. மதுரையிலிருந்து தினமும் பஸ். கண்டக்டர் என் கக்கத்தில் கைகொடுத்து என்னை மூட்டையைத் தூக்குவதுபோல் தூக்கி உள்ளே விடுவார், மொத்த பஸ்ஸும் வேடிக்கை பார்க்கும். இரண்டு வருடம் பொறுத்தேன். மூன்றாவது வருடம் வேலையை விடுகிறேன் என்று அழுதபோது, அப்பா பினாங்கிலிருந்து திரும்பிய சிநேகிதர் ஒருவரின் பழைய காரை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார்.

எழுபதுகளின் கடைசி அது. அப்போதே அந்த வண்டிக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். ரொம்பச் சின்னது, நாலு பேர் உட்கார்ந்தால் மூச்சு முட்டும். ஆனால் அதில் கிளட்ச் கிடையாது. கியரை வண்டியே மாற்றிக்கொள்ளும். ஆக்ஸிலேட்டர், பிரேக் இரண்டுக்கும் என் வலது கால் போதும். அந்த மாதிரி இன்னொரு வண்டியை நான் மதுரையில் பார்த்ததில்லை.

சாவியைக் கொடுக்கும்போதே அப்பா கறாராகச் சொல்லிவிட்டார், பயமாக இருக்கிறது என்று நான் ஒருநாள் சொன்னாலும் மறுநாளே வண்டியை விற்றுவிடுவார் என்று. அவர் பெரிய பயந்தாங்கொள்ளி. ஓடுகிற ஃபேனுக்கு நேர் கீழே படுக்க மாட்டார். சொன்னால் சொன்னதைச் செய்வார் என்று எனக்குத் தெரியும். வண்டி போனால் வேலை போகும், வேலை போனால் நான் வீட்டு மூலையில்தான்.

ஒன்றரை வருடம் ராணி மாதிரி போய்வந்தேன். பிறகு ஒருநாள் காலை, வாடிப்பட்டி வழியில் ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். எனக்கு முன்னால் ஒரு பால்காரர் சைக்கிளில் காலூன்றி நின்றார். நான் லீவரை நியூட்ரலில் தள்ளிவிட்டுப் பிரேக்கிலிருந்து காலை எடுத்து நீட்டினேன். வண்டி நகர்ந்தது. சரிவு கிடையாது, யாரும் தள்ளவும் இல்லை. அது பாட்டுக்கு மெதுவாக, என்னைக் கேட்காமல் நகர்ந்தது. நான் பிரேக்கை மிதிப்பதற்குள் பால்காரரின் பின்சக்கரத்தில் பம்பர் இடித்துவிட்டது. கேன் ஆடி, பால் தளும்பித் தரையில் சிந்தியது. அவர் திரும்பி என்னைப் பார்த்துவிட்டு, சைக்கிளை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். ரயில் கடக்கும் வரைக்கும் பிரேக்கை மிதித்தபடியே இருந்தேன்.

நெல்பேட்டைப் பக்கம் ஒரு சந்தில் பாய் ஒருவரின் பட்டறை இருந்தது. எங்கள் வண்டியை அவர்தான் பார்ப்பார். கை சுத்தமான மெக்கானிக். ஆனால் அப்பாவும் அவரும் ஒரே டீக்கடை. அவரிடம் சொன்னால் அப்பாவிடம் சொன்ன மாதிரி. அதனால் நியூட்ரலில் நகர்ந்ததை மறைத்து, நிற்கும்போது வண்டி கொஞ்சம் இழுக்கிறது என்று மட்டும் சொன்னேன். அவர் பாவம், இழுப்புக்கு என்னென்ன காரணம் உண்டோ அத்தனையையும் பார்த்தார். ஐட்லிங்கை, அதாவது நிற்கும்போது இன்ஜின் ஓடும் வேகத்தை, குறைத்தார். அந்த வண்டியில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரே ஆயில்தான், அதை மாற்றினார். பிரேக்கைக் கழற்றி மாட்டினார். சந்து குறுகல் என்பதால் எந்த வண்டியையும் ரிவர்ஸில்தான் உள்ளே கொண்டுவருவார். அங்கே நியூட்ரலில் போட்டால் அந்தச் சனியன் கட்டிப்போட்ட பசுவாக நிற்கும். இரண்டு நாள் கழித்து ஒரு சிக்னலில் மறுபடியும் நகரும்.

அதிலிருந்து எனக்குத் தூக்கம் கெட்டது. நியூட்ரல் என்பதையே நம்ப முடியவில்லை. எங்கே நிறுத்தினாலும் முன்னால் குழந்தை நிற்கிறதா என்று பார்ப்பேன். பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் ஓடிவந்தால் இன்ஜினையே அணைத்துவிடுவேன். வகுப்பில் முப்பத்தைந்து பிள்ளைகளிடம், ஒன்றைக் கண்டால் கண்டபடி எழுது, மறைக்காதே என்று பாடம் நடத்திவிட்டு வந்து இந்த வண்டியில் உட்காருவேன். வெட்கமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. பயம்தான் கூட.

அந்த வருடம் ஆயுத பூஜை. காலையில் வண்டியைக் கழுவி, மாலை போட்டு, சந்தனம் வைத்தேன். வாசலுக்கு நேராக முன்பக்கமாக ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தி, நியூட்ரலில் போட்டு இன்ஜினை அணைத்தேன். அப்பா நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். சூடம் காட்டினார். இனி நான் ஸ்டார்ட் செய்து, பழங்களை நசுக்கிக்கொண்டு வண்டியை எடுக்க வேண்டும். செருப்பில்லாமல் உட்கார்ந்திருந்தேன், கால் ஈரமாக இருந்தது. ஹேண்ட்பிரேக்கை விட்டு, மிதிபிரேக்கை அழுத்திக்கொண்டு சாவியைத் திருகினேன். இன்ஜின் உதறிய உதறலில் முன்சக்கரத்துப் பழம் ஒன்று உருண்டுவிட்டது. இரு என்று கையைக் காட்டிவிட்டு, அதை எடுத்து வைக்க அப்பா சக்கரத்துக்கு முன்னால் குத்தவைத்தார். பானெட்டுக்கு மேல் அவருடைய வழுக்கைத் தலை மட்டும் தெரிந்தது.

ஈரக்கால் பிரேக்கில் வழுக்கியது. ஒரு கணம்தான். வண்டி ஒரு சாண் முன்னால் போனது. பழம் நசுங்கும் சத்தம் கேட்டது. நான் பிரேக்கை மறுபடி மிதித்தபோது அப்பாவின் தலையைக் காணவில்லை.

செத்தார் என்றே நினைத்தேன்.

பிறகு அவர் சிரிப்புச் சத்தம் கேட்டது. பின்னால் சாய்ந்து மண்ணில் உட்கார்ந்திருந்தார். வேட்டி நுனி டயருக்கு அடியில் மாட்டிக்கொண்டதால் எழுந்திருக்க முடியவில்லை.

"அதுக்குள்ள என்ன அவசரம் தாயி?" என்று கேட்டார். நான்தான் வண்டியை எடுத்துவிட்டேன் என்று நினைத்திருக்கிறார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். நான் சாவியைத் திருகி இன்ஜினை அணைத்தேன்.

"நான் எடுக்கலப்பா. நியூட்ரல்லதான் இருக்கு. மூணு மாசமா இப்படித்தான் தானா ஓடுது. எனக்குப் பயமா இருக்குப்பா."

அவர் சிரிப்பு நின்றது. வேட்டியை வெடுக்கென்று இழுத்ததில் நுனி கிழிந்தது. எழுந்து வீட்டுக்குள் போனார். அவ்வளவுதான், வண்டி போயிற்று என்று ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்து அழுதேன்.

விடுமுறை முடிந்து பட்டறை திறந்ததும் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு பாயிடம் போனார். அப்பா எதிரிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். பாய் கேட்டுவிட்டு, வண்டியைச் சந்துக்கு வெளியிலேயே நிறுத்தச் சொன்னார். இன்ஜினை அணைத்து, அடியில் படுத்துக்கொண்டு, லீவரை ஒவ்வொரு கியராக நகர்த்தச் சொன்னார். ரிவர்ஸிலிருந்து நியூட்ரலுக்கு வந்தபோது சரி என்றார். முன்கியரிலிருந்து நியூட்ரலுக்கு வந்தபோது சரி என்று சொல்லவில்லை. இன்னொரு தடவை, என்றார். இன்னொரு தடவை.

லீவரிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் கம்பியின் முனையில் வளையம் மாதிரி இருக்கும் ஒரு புஷ் தேய்ந்து ஓட்டை பெரிதாகிவிட்டதாம். என் கையில் லீவர் நியூட்ரலுக்கு வந்துவிடும், அடியில் முன்கியர் அப்படியே இருக்கும். முன்னால் ஓட்டி நிறுத்தினால் மட்டும் இப்படி. ரிவர்ஸில் வந்தால் சரியாக விழும்.

"என் பட்டறைக்குள்ள எல்லா வண்டியும் ரிவர்ஸ்லதான டீச்சரம்மா வருது," என்றார் பாய். "நியூட்ரல்ல ஓடுதுன்னு அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அஞ்சு நிமிசத்துல பிடிச்சிருப்பேன்."

லேத்தில் பித்தளையில் ஒரு புஷ் கடைந்து, மதியத்துக்குள் மாட்டிவிட்டார்.

அப்பா வண்டியை விற்பதைப் பற்றி வாய் திறக்கவில்லை. எழுந்து போய்ப் பம்பருக்கு முன்னால் நின்றார். அவருக்குப் பின்னால் சுவர். ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். முன்கியரில் போட்டு, பிறகு நியூட்ரலுக்குக் கொண்டுவரச் சொன்னார். செய்தேன். பாய் பதறிப்போய், ஓரமாக வரும்படி அண்ணே அண்ணே என்று கூப்பிட்டார். அப்பா அசையவில்லை.

"பிரேக்க விடு," என்றார்.

என்னால் முடியவில்லை. மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். ஓடுகிற ஃபேனுக்குக் கீழே படுக்காத மனிதர், அந்தச் சுவரோடு ஒட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு நீ ஓட்டணும்ல. விடு தாயி."

காலை எடுத்தேன். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பூஜை மாலையில் மிச்சமிருந்த பூக்கள் பானெட்டில் லேசாக அதிர்ந்தன. வண்டி நின்ற இடத்திலேயே நின்றது.

அப்பா சுற்றி வந்து இடது பக்கம் ஏறி உட்கார்ந்தார். வீட்டுக்கு விடச் சொன்னார். வழியெல்லாம் அவர் முழங்கால் உதறிக்கொண்டே இருந்தது. வீடு வந்து நிறுத்தும் வரைக்கும் அதை ஒரு கையால் அழுத்திப் பிடித்திருந்தார்.